கல்மரம் முதல் கடற்கரை வரை: ஒரு வேன்காரனின் திறந்த மடல்

தமிழ்நாடு, புதுச்சேரி சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும், விழுப்புரம், கடலூர், புதுச்சேரி மாவட்ட ஆட்சியர்களுக்கும்,

ஐயா, அம்மா, வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேன் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். கல்யாணம், காதுகுத்து, சபரிமலை, வேளாங்கண்ணி எல்லாம் போவேன். டிசம்பர், ஜனவரி வந்துவிட்டால் பள்ளிக்கூடச் சுற்றுலாதான். பிச்சாவரம், ஆரோவில், திருவக்கரை என்று அதே மூன்று இடங்கள் சுற்றிச் சுற்றி வரும்.

போன வருஷம் ஒரு பள்ளி ட்ரிப் முடிந்து, இரவு பதினோரு மணிக்கு வேனைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். சிப்ஸ் பாக்கெட், ஒற்றைச் செருப்பு, வாந்திக்குக் கொடுத்த எலுமிச்சை எல்லாம் வழக்கமாகக் கிடைப்பவை. கடைசி சீட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விறகுச் சிராய் கிடந்தது. பழுப்பு நிறம், நாரெல்லாம் தெரிந்தது. குனிந்து எடுத்தபோது கை கொஞ்சம் தாழ்ந்தது. விறகுக்கு அத்தனை கனம் இருக்காது. பம்ப்படியில் கழுவிப் பார்த்தேன். தச்சர் இழைத்த பலகையில் தெரிகிற மாதிரி ரேகை ரேகையாக ஓடியது. உடைந்த ஓரத்தில் மட்டும் கற்கண்டு மாதிரி மினுமினுப்பு. ஏதோ ஒரு பிள்ளை திருவக்கரையிலிருந்து டவுசர் பையில் போட்டுக்கொண்டு வந்து, வழியில் பயந்து கீழே நழுவ விட்டிருக்க வேண்டும்.

என் மகள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, இது மரமா கல்லா?” என்று கேட்டாள். பத்துப் பதினைந்து வருஷமாகத் திருவக்கரைக் கல்மரப் பூங்கா வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அவளுக்கு ஒழுங்காக ஒரு பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அடுத்த ட்ரிப்பில் அதைக் கொண்டுபோய்க் காவலாளி அண்ணனிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. “கொண்டு போறவன்ல பத்துல ஒருத்தன் திருப்பிக் கொண்டாறான். நீ அந்த ஒருத்தன்” என்று சிரித்தார்.

இந்த மடலுக்கு அந்தக் கல்தான் காரணம். கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் மூன்றையும் சேர்த்து ஒரு புவிப்பூங்கா அமைக்க வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன். ஜியோபார்க் என்கிறார்களே, அதுதான்: பாறையும் மண்ணும் சொல்கிற பூமியின் கதையைக் காப்பாற்றி, ஊர்க்காரர்களோடு சேர்ந்து வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்கிற வட்டாரம். வேன் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஒருமுறை கல்லூரியிலிருந்து நிலவியல் மாணவர்களை அழைத்துப் போனேன். பள்ளிக்கூடக் கூட்டம் இருபது நிமிஷத்தில் போட்டோ எடுத்துவிட்டு வேனில் ஏறிவிடும். இவர்களோ காலை ஒன்பதுக்கு உள்ளே போய் மாலை நாலு மணிக்குத்தான் வந்தார்கள். அப்படி உள்ளே என்னதான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நானும் போய்க் கேட்டேன். அவர்களோடு வந்த ஆசிரியர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சொன்னார். அதன்பிறகு காத்திருக்கிற நேரமெல்லாம் போனில் இதைப் பற்றித்தான் படிக்கிறேன்.

அங்கே ஏறக்குறைய 200 கல்மரங்கள் கிடக்கின்றன. 3 மீட்டர் துண்டும் உண்டு, 15 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் முழு மரமும் உண்டு. வயது சுமார் 2 கோடி ஆண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இவற்றைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். புளிய மரக் குடும்பத்தைச் சேர்ந்தவை இருக்கின்றன, கூம்புமரங்களும் இருக்கின்றன. ஆனால் எந்த மரத்துக்கும் வேர் இல்லை, கிளை இல்லை. ஏதோ ஒரு பெருவெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து, இங்கே மணலில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறது. பிறகு மண்ணில் ஊறிய தண்ணீர், தன்னில் கரைந்திருந்த சிலிக்காவை, அதாவது மணலில் இருக்கிற அதே பொருளை, மரத்தின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் கொண்டுபோய் நிரப்பியது. மரம் மரம் மாதிரியே இருக்க, உள்ளிருந்ததெல்லாம் கல்லாகிவிட்டது. மகளிடம் இதைச் சொன்னேன். “அப்ப வெள்ளம் வந்தது உண்மையா?” என்றாள். பிள்ளைகளுக்குக் கல்லைவிட வெள்ளம்தான் பெரிசு.

இப்போது கொஞ்சம் வெளியூர் போய் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரேக்க நாட்டில் லெஸ்வோஸ் என்று ஒரு தீவு. அங்கேயும் கல்மரக் காடு இருக்கிறது, அதுவும் ஏறக்குறைய 2 கோடி ஆண்டுப் பழசு. நம் மரம் படுத்திருக்கிறது, அவர்கள் மரமோ வேரோடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. எரிமலை கக்கிய சாம்பல் காட்டை அப்படியே மூடியதால் மரங்களுக்கு விழக்கூட நேரமில்லை. 2000இல் ஐரோப்பியப் புவிப்பூங்கா வலையமைப்பைத் தொடங்கிய நான்கு இடங்களில் அதுவும் ஒன்று. சிக்ரி என்ற சின்ன ஊரில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அந்தத் தீவு இன்னமும் சும்மா இருக்கும் பூமி இல்லை. 2017 ஜூன் 12 அன்று 6.3 அளவில் நிலநடுக்கம் வந்து விரிசா என்ற கிராமத்தையே இடித்துப் போட்டது. அந்த அருங்காட்சியகத்தில் நிலநடுக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கல்மரமும் நிலநடுக்கமும் அவர்களுக்கு ஒரே பாடம்தான்.

நான் படித்ததில் மறக்கவே முடியாதது ஜப்பான் கதை. அந்த நாட்டின் வடக்கே ஹொக்கைடோ தீவில் உசு என்றொரு எரிமலை. 1910, 1943, 1977, 2000 என்று முப்பது வருஷத்துக்கு ஒருமுறைபோல வாயைத் திறந்திருக்கிறது. ஒருவர் தன் ஆயுசில் இரண்டு தடவையாவது பார்த்துவிடுவார். 1943 கடைசியில் பூமி அதிரத் தொடங்கியது. பிறகு ஒரு கோதுமை வயல் மெல்ல மெல்ல உப்பியது, ஆப்பச்சட்டியில் மாவு எழும்புகிற மாதிரி. 1945 முடிவதற்குள் வயல் இருந்த இடத்தில் மலை நின்றது. இன்று அதன் பெயர் ஷோவா ஷின்சான், கடல்மட்டத்திலிருந்து 398 மீட்டர்.

அது யுத்த காலம். ஆராய்ச்சிக்காரர்கள் வந்து தங்கி அளக்க வழியில்லை. அந்த ஊர்த் தபால் நிலையத் தலைவர் மிமாட்சு மசாவோ தானே உட்கார்ந்து அளந்தார். கருவி கிடையாது. தபால் நிலையத்துக்குப் பின்னால் கயிறுகளைக் குறுக்கே கட்டினார். தினமும் முகவாயை ஒரே இடத்தில் வைத்து, எந்தக் கயிறு வரைக்கும் மலை ஏறியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தார். 1948இல் ஆஸ்லோவில் நடந்த உலக மாநாட்டில் அந்தப் படத்தைக் காட்டினார்கள். மலை பிறந்ததைப் படிப்படியாக அப்படிப் பதிந்து வைத்தது அபூர்வம். இன்றும் அதற்கு மிமாட்சு வரைபடம் என்றுதான் பெயர். அதோடு விடவில்லை மனிதர். வயல் போன விவசாயிகளுக்குப் பணமும் கிடைக்கட்டும், மலையும் பிழைக்கட்டும் என்று அந்த நிலத்தையே விலைகொடுத்து வாங்கிவிட்டார். தபால்காரர் ஒருவர் மலை வாங்கிய கதை!

2000 மார்ச் 31 அன்று உசு மறுபடி வெடித்தபோது, பத்தாயிரம் பேருக்கு மேல் முன்னதாகவே ஊரைக் காலி செய்திருந்தார்கள். வெடிப்பில் ஒரு உயிர் போகவில்லை. விஞ்ஞானிகள் சொன்னது ஒரு காரணம். சொன்னதும் ஜனங்கள் நம்பிக் கிளம்பியது இன்னொரு காரணம். எங்கே கல் விழும், எங்கே சேறு வரும் என்ற அபாய வரைபடம் முன்பே வீடுவீடாகப் போயிருந்தது. பிறகு உடைந்த சாலையையும், கல் விழுந்து ஓட்டையான பாலர் பள்ளிக் கட்டடத்தையும் இடித்துத் தள்ளாமல் அப்படியே விட்டு, நடைபாதை போட்டு, நடந்து பார்க்கச் சொன்னார்கள். 2009இல் அந்த வட்டாரம் உலகப் புவிப்பூங்கா ஆனது. உள்ளூர்க்காரர்களுக்குப் பாடம் சொல்லி, தேர்வு வைத்து, ‘எரிமலை மேஸ்டர்’ என்று பட்டம் கொடுக்கிறார்கள். அவர்கள்தான் வழிகாட்டிகள், அடுத்த வெடிப்பு வந்தால் ஊராருக்கு எடுத்துச் சொல்பவர்களும் அவர்களே. மேஸ்டர் என்பது நம் மேஸ்திரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இரண்டு சொல்லுக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல்தானாம்.

அங்கே எரிமலை இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சரி, எரிமலை இல்லைதான். ஆனால் பூமி நம்மை விட்டுவைத்திருக்கிறதா?

2001 செப்டம்பர் 25, இரவு எட்டரை மணி இருக்கும். புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கு அடியில் 5.5 அளவில் நிலநடுக்கம். எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. அம்மா பூனை என்று நினைத்து விரட்டினாள். தெருவே வெளியே வந்து நின்றது. பத்து நாளில் எல்லோரும் மறந்துவிட்டோம்.

மூன்று வருஷம் கழித்து, 2004 டிசம்பர் 26 காலை. சபரிமலையிலிருந்து சாமிகளை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது தேவனாம்பட்டினத்தில் படகு வீட்டுத் திண்ணையில் கிடந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். அதை இங்கே விரித்து எழுத எனக்கு மனசில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த அதிர்ச்சி நேர்ந்தது சுமத்ராவுக்குப் பக்கத்தில், நம் நேரப்படி காலை ஆறரைக்கு. அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் நமக்குச் சொல்ல ஆள் இல்லை.

அந்த அதிர்ச்சிக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்த சிமெலுவே தீவில் 1907இல் ஒருமுறை கடல் ஏறி வந்து நிறையப் பேரைக் கொண்டுபோனது. அதை அவர்கள் ‘ஸ்மொங்’ என்று பெயர் வைத்துக் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு. அவ்வளவுதான் கதை. 2004இல் எழுபதாயிரத்துக்கு மேல் மக்கள் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் என்று பல அறிக்கைகள் சொல்கின்றன. சைரனும் இல்லை, போனும் இல்லை, பாட்டிகள்தான் இருந்தார்கள்.

அதே சுமத்ராவில்தான் தோபா ஏரி இருக்கிறது. 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாய் அது, இன்று ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீள ஏரி. அந்தச் சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில் படிந்திருப்பதைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தியப் பாறைத்தட்டின் கிழக்கு ஓரம் அந்தப் பக்கத்தில்தான் கீழே இறங்குகிறது. அதாவது நம் பாயின் ஓரம் அவர்கள் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் அந்த ஓரத்துக்கு மேலே படுத்திருக்கிறார்கள், நாம் நம் பாயின் நடுவில். தோபாவுக்கு 2020இல் யுனெஸ்கோ புவிப்பூங்கா அந்தஸ்து கிடைத்தது. 2023இல் மஞ்சள் அட்டை காட்டினார்கள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள், சொன்னபடி நடக்காவிட்டால் மஞ்சள், அப்புறமும் திருந்தாவிட்டால் சிவப்பு. தோபாக்காரர்கள் விழுந்தடித்து வேலை பார்த்து 2025இல் பச்சை அட்டையை மீட்டார்கள். கால்பந்து மாதிரியே இருக்கிறது, அதனால் எனக்கு இது பிடித்திருக்கிறது. திறப்பு விழாவோடு முடிந்துபோகாத ஒரு அரசு விஷயம் என்றால் நமக்கும் நல்லதுதானே.

2025 கணக்குப்படி 50 நாடுகளில் 229 யுனெஸ்கோ புவிப்பூங்காக்கள் இருந்தன. அந்தப் பட்டியலில் இந்தியாவிலிருந்து ஒன்றுகூட இல்லை.

நம்மிடம் சரக்கு இல்லாமல் இல்லை. என் வண்டி ஓடுகிற பாதையையே சொல்கிறேன். திருவக்கரையில் கல்மரம், பக்கத்திலேயே வக்கிரகாளியம்மன் கோயில், பௌர்ணமிக்குக் கூட்டம் அள்ளும். அங்கிருந்து வழுதாவூர்ப் பக்கம் வந்தால் சுமார் 7 கோடி ஆண்டுக்கு முன் கடலாக இருந்த நிலம். ஆமோனைட் என்ற, அழிந்துபோன கடல் உயிரியின் ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரிச் சுருண்ட ஓடுகளை 1840களில் இங்கிருந்து பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்பவர் 1846இல் அவற்றை வரிசையாக விவரித்து எழுதினார். எங்கள் பக்கத்துக் கிளிஞ்சல் லண்டன்வாசிக்குத் தெரியும், வழுதாவூர்ப் பிள்ளைக்குத் தெரியாது. அப்புறம் ஊசுட்டேரி. அப்புறம் ஆரோவில் பக்கம் மழை அறுத்துப் போட்ட செம்மண் பள்ளங்கள். கடலூருக்கு வந்தால் கேப்பர் மலை. முந்திரியும் பலாவும் காய்க்கிற அந்தச் செம்மண் மேட்டுக்கு அடியில் இருக்கும் பாறைக்கு நிலவியல் புத்தகத்தில் ‘கடலூர் மணற்கல்’ என்றே பெயர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே மூடிக் கிடப்பதும், திருவக்கரை மரங்களைப் பொதிந்து வைத்திருப்பதும் அதே மணற்கல்தான். எங்கள் ஊர்ப் பெயர் ஒரு பாறைக்கு இருக்கிறது என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. கடைசியாக தேவனாம்பட்டினம், பிச்சாவரம். அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் 2004இல் சேதம் குறைவு என்று ஆராய்ச்சிக்காரர்களும் எழுதினார்கள், அந்த ஊர்க்காரர்களும் சொல்கிறார்கள்.

இதில் என் பயம் ஒன்று இருக்கிறது. புவிப்பூங்கா என்றதும் உங்களுக்கு முதலில் முள்வேலி, ஆர்ச், டிக்கெட் கவுண்டர் நினைவுக்கு வந்துவிடக் கூடாது. திருவக்கரையில் கல்மரம் கிடக்கும் 247 ஏக்கர் ஒன்பது துண்டாகச் சிதறியிருக்கிறது. அதில் ஜனங்கள் பார்க்கத் திறந்திருப்பது சின்னப் பகுதிதான். ஒன்பது துண்டுக்கும் வேலி போட்டால் மேய்ச்சலுக்குப் போகிற ஆட்டுக்காரர் உங்களுக்கு எதிரி ஆகிவிடுவார். அவரையே துணைக்குச் சேர்த்துக்கொண்டால், பையில் கல் போடுகிற பிள்ளையை அவர் பார்த்துக்கொள்வார். யுனெஸ்கோ விதியிலும், புவிப்பூங்கா என்ற பெயருக்காக யார் நிலமும் பறிபோவதில்லை, விவசாயத்துக்குத் தடையும் இல்லை. ஏற்கனவே நாட்டில் உள்ள சட்டம்தான் காவல். ஆனால் புதைபடிவத்தைக் காசுக்கு விற்பதைப் பூங்கா நிர்வாகம் தொடவே கூடாது, அதில் அவர்கள் கறார். கிராமக் கூட்டத்தில் இதைத் தமிழில், மைக் இல்லாமல், உட்கார்ந்து சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ‘நிலம் போகப் போகுது’ என்ற வதந்தி உங்கள் ஜீப்புக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொன்று எல்லை. கடலூரிலிருந்து கிளம்பினால் முள்ளோடையில் புதுச்சேரி தொடங்கும்.  சேதராப்பட்டு தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. பெரிய வண்டிக்குப் பர்மிட் பார்க்க வேண்டும். ஊசுட்டேரியின் தண்ணீரே இரண்டு அரசுக்கும் நடுவில் கிடக்கிறது. அதில் இறங்குகிற நாரைக்கு எந்த பர்மிட்டும் தேவையில்லை. புவிப்பூங்கா என்றால் ஒரே தொடர்ச்சியான நிலப்பரப்பு, அதற்கு ஒரே நிர்வாகம் என்பது விதி. பாறைக்கு யூனியன் பிரதேசம் தெரியாது. ஆகவே இரண்டு அரசும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் இது நடக்கும். ஒருவர் கடிதம் போட்டு, இன்னொருவர் பதில் போட்டு, கோப்பு முள்ளோடையில் வெயில் காய வேண்டாம்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒரு வருஷமாவது புவிப்பூங்காவாக நடந்து காட்டியிருக்க வேண்டும் என்பதும் விதி. அதனால் நிதி வரட்டும், டெல்லி சொல்லட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இந்த ஜனவரியிலேயே சின்னதாகத் தொடங்கலாம். திருவக்கரையில் பத்துப் பேர், வழுதாவூரில் பத்துப் பேர், தேவனாம்பட்டினத்தில் பத்துப் பேர் எடுங்கள். வழிகாட்ட நிலவியல் படித்த ஒருவர் கூடவே இருக்கட்டும். ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, ‘கல்மர மேஸ்திரி’ என்று அட்டை கொடுங்கள். தேவனாம்பட்டினத்து மேஸ்திரி மீனவராக இருக்கட்டும். 2004 காலையில் கடல் எப்படி இருந்தது, எந்த மேட்டுக்கு ஓடினோம் என்று அவர் வாயால் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அந்த வருஷம் பிறந்த பிள்ளை இன்று கல்லூரியை முடித்துவிட்டது. பார்த்தவர்கள் இருக்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். மேஸ்திரிகளுக்கு நாள்கூலி கொடுத்துவிடுங்கள், சேவை என்று சொல்லிச் சும்மா அனுப்பாதீர்கள்.

எனக்கும் ஒரு அட்டை வேண்டும் என்று கேட்டால் தப்பாக நினைக்கக் கூடாது. பிள்ளைகள் வேனில்தான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் குத்துப்பாட்டு போடுகிறேன். அதைக் கொஞ்சம் குறைத்து, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டும்போது இந்த மண் எங்கிருந்து வந்தது என்று சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தால் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பொங்கல் முடிந்த மறுவாரம், சனிக்கிழமை, ஒரு பள்ளிக்காகத் திருவக்கரை போகிறேன். டிரைவர் பக்கத்து சீட்டைக் காலியாக வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது ஒருவர், எந்த அரசாக இருந்தாலும் சரி, ஏறி வாருங்கள். காலை ஆறு மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் வண்டி நிற்கும். டீ என் செலவு. திரும்பி வரும்போது கடைசி சீட்டுக்கு அடியில் மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறை பார்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு வேன் ஓட்டுநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.